தெரியாதவருக்கும் புரியும்படி: எழுதவும் பேசவும் தயங்குகிற இளைஞர்களுக்கு

தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதச் சொன்னால், பட்டப்படிப்பு முடித்த பலர் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். கூட்டத்தில் எழுந்து இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுகிறார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எழுதவும் வராது, பேசவும் வராது" என்று பெரியவர்கள் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதே பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் நாள் முழுக்க எழுதுகிறார்கள், நள்ளிரவு வரை குரல்செய்தி அனுப்புகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர்கள் எழுதுவதும் பேசுவதும் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களோடு. "அது என்னாச்சு?" "முடிஞ்சுது." "அவன்?" "வரல." இரண்டு பேருக்கும் இது முழுச் செய்தி. மூன்றாவது ஆளுக்கு ஒன்றுமே புரியாது. அந்த மூன்றாவது ஆளுக்கு, தலையும் காலும் விளங்கும்படி ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லும் பழக்கம்தான் குறைந்துவிட்டது. இந்த வழிகாட்டி அதை மட்டும்தான் சொல்லித்தருகிறது.

பழக்கம் விட்டுப்போனதற்குக் காரணம் இளைஞர்கள் மட்டுமல்ல. பள்ளியில் கட்டுரை என்றால் கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து இறக்குவது என்றாகிவிட்டது. குறிப்புச்சட்டகம், முன்னுரை, முடிவுரை எல்லாம் தயாராகக் கிடைக்கும். சொந்தமாக ஒரு வாக்கியம் யோசிக்க வேண்டியதில்லை. அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 2020, 2021 இரண்டு ஆண்டும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் நடக்கவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பயிற்சியே இல்லாமல் ஒரு தலைமுறை கல்லூரிக்குப் போயிற்று. இதற்கெல்லாம் மேலே, நம் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறாக இருப்பது பழைய சங்கதி. பேசுவதை அப்படியே எழுதினால் தப்பு என்கிறார்கள். எழுதுவதுபோல் பேசினால் சிரிக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை வாயையும் மூடிக்கொள்கிறது, பேனாவையும் மூடிவைக்கிறது.

சரி, தொடங்குவோம்.

முதலில் வேண்டியவை

கோடு போட்ட ஒரு நோட்டு, பேனா, ஒலிப்பதிவு செய்ய உங்கள் போன். இவற்றைவிட முக்கியம் கேட்பதற்கு ஓர் ஆள். அவர் உங்கள் விஷயம் தெரியாதவராக இருக்க வேண்டும். கல்லூரிக் கதையை அத்தையிடம் சொல்லுங்கள். வீட்டுக் கதையை வேலையிடத்து அண்ணனிடம் சொல்லுங்கள். நெருங்கிய நண்பர் இதற்குச் சரிப்படமாட்டார். நீங்கள் பாதி சொல்வதற்குள் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார்.

முதல் படி: எழுதாதீர்கள், பேசுங்கள்

நேராக வெள்ளைத்தாள் முன் உட்கார்ந்தால் கை நகராது. அதனால் போனில் பதிவை ஓடவிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். பெரிய தலைப்பு வேண்டாம். "இளைஞர்களும் நாட்டின் எதிர்காலமும்" என்று தலைப்பு வைத்தால் மறுபடியும் கைடு மொழிதான் வாயில் வரும். நீங்கள் கையால் செய்கிற, கண்ணால் பார்க்கிற ஒன்றை எடுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது? உங்கள் வீட்டில் புளிக்குழம்பு எப்படி வைப்பார்கள்? உங்கள் தெருவில் தண்ணீர் ஏன் வரவில்லை?

முடித்ததும் நிறுத்துங்கள். நன்றாக இல்லையே என்று அழித்துவிட வேண்டாம். அடுத்த படிக்கு அந்தப் பதிவுதான் மூலப்பொருள்.

இரண்டாம் படி: பேசியதை அப்படியே எழுதுங்கள்

பதிவைக் கேட்டுக்கேட்டு, திருத்தாமல், ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதுங்கள். கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஏறக்குறைய இப்படி ஒன்று கிடைக்கும்:

"அதாவது வந்து எங்க ஏரியால பாத்தீங்கன்னா தண்ணி வந்து சரியா வரதில்ல, வந்தாலும் நைட்டு வருது, ஆக்சுவலா போன மாசம்தான் பைப்பு மாத்துனாங்க, அதுக்கப்புறம்தான் இந்தப் பிரச்சினையே."

இதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நல்ல விஷயம் இருக்கிறது. இப்போது அந்த மூன்றாவது ஆளாக மாறிக் கேள்வி கேளுங்கள். எந்த ஏரியா? இரவு எத்தனை மணி? யார் குழாய் மாற்றினார்கள்? அதற்கு முன்பு எப்போது வந்தது? ஒவ்வொரு கேள்வியையும் பக்கத்தில் ஓரமாகக் குறித்து, பதிலையும் எழுதுங்கள். அப்புறம் திருத்துங்கள்:

"எங்கள் காமராஜர் தெருவில் ஒரு மாதமாகக் குடிநீர் சரியாக வருவதில்லை. வந்தாலும் இரவு 11 மணிக்கு மேல்தான் வருகிறது. சென்ற மாதம் நகராட்சி குழாய்களை மாற்றியது. அதற்கு முன்பு தினமும் காலை 6 மணிக்குத் தண்ணீர் வந்தது."

என்ன மாறியிருக்கிறது பாருங்கள். "வரதில்ல" என்பது "வருவதில்லை" ஆனது, "மாத்துனாங்க" என்பது "மாற்றியது" ஆனது. வினைமுடிவுகள்தான் பெரும்பாலும் மாறின. சொற்கள் ஏறக்குறைய அதேதான். "அதாவது", "வந்து", "பாத்தீங்கன்னா" விழுந்துவிட்டன. "இந்தப் பிரச்சினையே" என்று கைகாட்டிவிட்டுப் போன இடத்தில், முன்பு எப்படி இருந்தது என்ற தகவல் வந்து உட்கார்ந்தது. எழுத்துத் தமிழுக்குப் போவது இவ்வளவுதான்.

பலர் இந்த இடத்தில் வழிதவறுகிறார்கள். எழுத்து என்றாலே கனமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, "குடிநீர் விநியோகமானது சீரற்ற முறையில் மேற்கொள்ளப்பட்டு வருகின்றது" என்று எழுதுவார்கள். யார் என்ன செய்தார்கள் என்பதே அதில் மறைந்துவிடுகிறது. "மேற்கொள்ளப்பட்டு வருகின்றது", "நடைபெற்று வருகின்றது" என்பவற்றை உங்கள் எழுத்தில் பார்த்தால் அடித்துவிட்டு, யார் செய்தது என்று கேளுங்கள். "தண்ணீர் வரவில்லை" என்பதைவிட நல்ல தமிழ் அந்த விஷயத்துக்கு இல்லை.

மூன்றாம் படி: பிழைகளை உங்கள் சொந்தப் பட்டியலாக்குங்கள்

நன்னூல் முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று காத்திருக்க வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் திரும்பத்திரும்பச் செய்யும் பிழைகளை மட்டும் எழுதிவாருங்கள். ஒவ்வொருவருக்கும் இந்தப் பட்டியல் வேறாக இருக்கும், சீக்கிரமே ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

எழுத்துக் குழப்பம் எங்கே வரும் என்று சொல்லிவிடலாம்: ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. வலி உடம்பில் வருவது, வழி நடப்பது. அரை என்றால் பாதி, அறை என்றால் வீட்டில் இருப்பது. மனம் நமக்குள் இருப்பது, மணம் பூவிலிருந்து வருவது. வாய்விட்டுப் படிக்கும்போது சரியாக உச்சரித்தால், எழுதும்போது பாதிக் குழப்பம் தீரும். ழகரத்தைப் பேச்சில் விட்டவர்களுக்கு எழுத்திலும் அது தடுமாறும்.

ஒற்று மிகுதல்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. இலக்கணத்தில் பக்கம்பக்கமாக விதிகள் உண்டு. தொடங்குபவருக்கு இவை போதும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது மட்டும் பாருங்கள். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி என்பவற்றுக்குப் பின் மிகும்: அந்தப் பையன், இப்படிச் சொன்னார். ஐ என்னும் உருபு வெளிப்படையாக வந்தால் மிகும்: வீட்டைப் பார்த்தேன். கு வந்தாலும் மிகும்: ஊருக்குப் போனேன். வர, போக, படிக்க போன்ற எச்சங்களுக்குப் பின்னும் மிகும்: வரச் சொன்னார், படிக்கத் தொடங்கினாள். ஆனால் வந்த பையன், சிறிய பெண், அது போனது, என்ன சொன்னார், பல பேர் என்பவற்றில் மிகாது.

நன்றாக எழுதுபவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. "படித்துப் பார்த்தேன்" என்பதில் ஒற்று மிகும், "வந்து பார்த்தேன்" என்பதில் மிகாது. முதல் சொல்லின் முடிவைக் கவனியுங்கள். த்து, ட்டு, ற்று என வல்லின ஒற்றோடு முடிந்தால் மிகும்: எடுத்துக் கொடு, கேட்டுச் சொல், விற்றுப் போட்டான். ந்து, ண்டு, ன்று என மெல்லின ஒற்றோடு முடியும் வினையெச்சமானால் மிகாது: நடந்து போ, கண்டு பேசு, சென்று சேர். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டாலே உங்கள் பக்கத்தில் சிவப்பு மை வெகுவாகக் குறைந்துவிடும்.

ஒருமை பன்மையும் பாருங்கள். "ஒவ்வொரு மாணவர்களும்" என்று பெரிய இடங்களிலேயே எழுதுகிறார்கள். "ஒவ்வொரு மாணவரும்" என்பதே சரி. "மரங்கள் வெட்டப்பட்டது" தவறு. "மரங்கள் வெட்டப்பட்டன" சரி. வாக்கியம் நீளநீள இந்தப் பிழை கூடும். எழுவாயை எங்கோ வைத்துவிட்டு வினைக்கு வந்து சேர்வதற்குள் ஒருமையா பன்மையா என்பதே மறந்துபோகும். எனவே, வாக்கியத்தைப் பாதியில் வெட்டி இரண்டாக்குங்கள்.

பொருள் சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பழைய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். நகரத்து நூலகங்களில் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: போனைச் சரியாகப் பயன்படுத்துவது

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதை நிறுத்துங்கள். அதில் ல, ள, ழ வேறுபாடே தெரியாது, குறில் நெடில் தெரியாது. ஆண்டுக்கணக்கில் அப்படியே தட்டிவந்தால் சொல்லின் உருவமே கண்ணிலிருந்து மறைந்துவிடும். போனில் தமிழ்99 விசைப்பலகையை வையுங்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் ஒரு பக்கம், மெய்கள் ஒரு பக்கம் என்று பழகுவதற்கு எளிது. முதல் சில நாள் மெதுவாகத்தான் போகும்.

குரலைக் கேட்டு எழுத்தாக்கும் வசதி நல்லது, ஆனால் இரண்டாம் படியை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள். காதால் கேட்டுக் கையால் எழுதும்போதுதான் நம் பேச்சின் ஓட்டை நமக்குத் தெரிகிறது.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கருத்து இது: முதல் வரைவு கட்டாயம் உங்களுடையதாக இருக்க வேண்டும். விடுப்புக் கடிதத்தைக்கூட அதனிடம் வாங்கிப் பழகிவிட்டால், நாளைக்கு நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது யாரிடம் வாங்குவது? நீங்கள் எழுதி முடித்த பிறகு, "இதைப் படித்தால் எந்த இடம் புரியவில்லை?" என்று அதனிடம் கேளுங்கள். அந்த வேலைக்கு அது உதவும். அது சொல்லும் ஒற்றுத் திருத்தங்களை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: உண்மையான ஒரு கடிதம் எழுதுங்கள்

பயிற்சிக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் ஆர்வம் வடிந்துவிடும். யாராவது படித்து ஏதாவது செய்ய வேண்டிய ஒரு கடிதத்தை எழுதுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், விவரம், இப்படிக்கு, இடம், நாள் என்ற வடிவம் பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். பலர் கோட்டை விடுவது பொருள் வரியில். "பொருள்: தெருவிளக்கு தொடர்பாக" என்றால் அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது. "பொருள்: காமராஜர் தெரு – நான்கு மின்கம்பங்களில் விளக்கு எரியாமை – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக" என்று எழுதினால், அந்த ஒரு வரியைப் படித்தே மனுவை யாருக்கு அனுப்புவது என்று எழுத்தர் முடிவு செய்துவிடுவார். கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் மனுவில் குறிப்பிடுங்கள். எத்தனை நாளாக எரியவில்லை, முன்பு யாரிடம் சொன்னீர்கள், என்ன வேண்டும் என்பதோடு நிறுத்துங்கள். நாட்டு நடப்பெல்லாம் அதில் வேண்டாம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். வரிசையில் நிற்கும்போதே, அதிகாரியிடம் வாயால் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். அவருக்கு உங்கள் மனுவை முழுதாகப் படிக்க நேரம் இருக்காது. கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

துல்லியமாக எழுதப் பழக இன்னும் நல்ல பயிற்சி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இது. தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய், பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இதில் "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் உருப்படியான பதில் வருவது அரிது. கோப்பில் இருக்கும் தகவலைத்தான் அவர்கள் தருவார்கள். "காமராஜர் தெருச் சாலைப் பணிக்கு 2023–24-இல் ஒதுக்கிய தொகை எவ்வளவு? பணி ஆணையின் நகல் தருக" என்று கேட்க வேண்டும். கோபத்தைக் கேள்வியாக மாற்றுவதற்கு இதைவிட நல்ல வகுப்பு நான் பார்த்ததில்லை.

அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்கு இந்த உழைப்பு நேரடியாகவே கைகொடுக்கும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 1 முதன்மைத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தரத்தில் கையால் எழுதும் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. கொரோனா காலத்தில் எழுதும் பழக்கம் விட்டவர்கள் தினமும் ஒரு பக்கமாவது பேனாவால் எழுதுங்கள். தேர்வறையில் முதலில் கைதான் வலிக்கும், அப்புறம் யோசனையும் நின்றுபோகும்.

ஆறாம் படி: எழுதியதைத் தாளில்லாமல் சொல்லுங்கள்

இப்போது திரும்பப் பேச்சுக்கு வருகிறோம். எழுதித் திருத்திய பக்கத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு நோட்டை மூடிவிட்டு, அதே விஷயத்தை உங்கள் பேச்சுத் தமிழில், அந்த மூன்றாவது ஆளிடம் சொல்லுங்கள். மனப்பாடம் செய்யாதீர்கள். முதலில் எது, அடுத்து எது, கடைசியில் என்ன கேட்கப்போகிறேன் என்ற வரிசை மட்டும் மனத்தில் இருந்தால் போதும்.

மேடைப் பேச்சு என்றால் அடுக்குமொழியும் எதுகை மோனையும் வேண்டும் என்று பள்ளிப் பேச்சுப் போட்டிகள் நம்மைப் பழக்கிவிட்டன. "அன்பார்ந்த அவையோரே" என்று ஆரம்பித்துவிட்டால் அந்தத் தொனியை விட்டு இறங்கவே முடியாது. நீங்கள் அப்படிப் பேச வேண்டியதில்லை. வணக்கம், என் பேர் இது, இந்தத் தெரு, இந்த விஷயம் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நேராகத் தொடங்குங்கள். நெல்லை இழுப்போ கொங்குத் தமிழின் "ங்க"வோ வந்தால் வரட்டும். சொந்த ஊர்ப் பேச்சைக் கூச்சப்பட்டு மறைப்பவர்களுக்குத்தான் நாக்கு அதிகம் குழறுகிறது.

தமிழில் பேசுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆமா, இல்லையா என்பதும் அங்கேதான் தெரிகிறது. "தண்ணி வந்துச்சு", "தண்ணி வரல" என்ற இரண்டுக்கும் வேறுபாடு கடைசிச் சொல்லில். பதற்றத்தில் பேசும் இளைஞர்கள் அந்தக் கடைசிச் சொல்லைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். வாக்கியத்தைச் சத்தமாகத் தொடங்கி, மூச்சு தீர்ந்து, முடிவில் முணுமுணுக்கிறார்கள். கேட்பவருக்கு வந்ததா, வரவில்லையா என்றே தெரியாது. உங்கள் பதிவைக் கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல் தெளிவாகக் காதில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழவில்லை என்றால் வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், முடிவில் ஒரு மூச்சு நிறுத்துங்கள்.

"வந்து", "அதாவது", "ஆக்சுவலா" எல்லாம் நிரப்பிகள். அவற்றை நிறுத்த வேண்டும் என்று பிடிவாதமாக முயன்றால் பேச்சே நின்றுபோகும். அந்த இடத்தில் சும்மா இருந்து பழகுங்கள். உங்களுக்கு நீளமாகத் தோன்றும் மௌனம் கேட்பவருக்கு ஒரு நொடிதான்.

நான்கு பேர் சேர்ந்தால் இதை விளையாட்டாகவே செய்யலாம். ஒருவர் பேச, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் நிரப்பிகளை எண்ண, ஒருவர் "புரியலையே" என்று கேள்வி கேட்க வேண்டும். மேடைப் பேச்சுப் பழகுவதற்கென்றே இருக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் முன்தயாரிப்பு இல்லாத பேச்சுக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம் வைத்திருக்கிறார்கள். அந்த அளவே உங்களுக்கும் போதும். அவர்களுக்குத் தமிழ் மன்றங்களும் உண்டு. பேசி முடித்தவரிடம் முதலில் என்ன புரிந்தது என்று சொல்லுங்கள், குறையை அப்புறம் சொல்லுங்கள். உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரித்தால் அன்றைக்கே அந்தக் குழு கலைந்துவிடும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

ஏழாம் படி: ஊருக்கு முன்னால்

கிராமத்தில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு காலண்டரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அந்தச் சபையின் உறுப்பினர்தான். பேசுவதற்கு யாரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை. நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் வார்டில் நடக்கும் பகுதி சபையைப் பற்றிக் கவுன்சிலரிடம் விசாரியுங்கள்.

முதல் முறை போகும்போது பேச வேண்டாம், பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். யார் பேசும்போது கூட்டம் காது கொடுக்கிறது, யார் பேசும்போது எழுந்து டீ குடிக்கப் போகிறது என்று கவனியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். நான்காம் படி வரை எழுதித் திருத்திய பக்கம் சட்டைப்பையில் இருக்கட்டும். அதைப் பார்த்துப் படிக்காதீர்கள். தலைவரையும் பெரியவர்களையும் வணங்கிவிட்டு, விஷயம் என்ன, எத்தனை நாளாக, எத்தனை வீடுகளுக்குப் பாதிப்பு, சபை என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியுங்கள். நடுவில் யாராவது குறுக்கிட்டால் அவர் முடிக்கும்வரை நின்று, "அண்ணே, நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன்" என்று விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பெண்கள் பேச எழுந்தால் "உட்காரும்மா" என்று சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட இரண்டு தோழிகளை அழைத்துப்போங்கள், ஒருவர் பேசும்போது மற்ற இருவரும் பக்கத்தில் எழுந்து நிற்கட்டும்.

பேசியதோடு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதும்படி கேளுங்கள். ஊராட்சிச் செயலர் எழுதும்போது பக்கத்தில் நின்று, தெருப் பெயரும் கேட்டது என்ன என்பதும் சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். "நடவடிக்கை மேற்கொள்ளப்படும்" என்று பொதுவாக எழுதியிருந்தால், எந்த வேலை, எந்தத் தெரு என்று சேர்த்து எழுதச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.